சோகாவா, நீகாத்தாவா, கியோத்தோவா? குழந்தைகளோடு செம்பே சுட எங்கே போகலாம்

கோடை விடுமுறைக்கு ஜப்பான் வரும் குடும்பங்கள் எங்களைப் போல டோக்கியோவில் குடியிருப்பவர்களிடம் முதலில் கேட்பது ஃபூஜி மலையைப் பற்றி. அடுத்தது பிள்ளைகளைப் பற்றி. கோயில், கோபுரம், கடைத்தெரு என்று நடந்தே நான்காம் நாளில் குழந்தைகள் முகம் வாடிவிடும். அவர்கள் தங்கள் கையால் ஏதாவது செய்து பார்க்க ஓர் இடம் சொல்லுங்கள் என்பார்கள். நான் தயங்காமல் சொல்வது செம்பே என்ற அரிசி வில்லையைச் சுடும் பட்டறை. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இணையத்தில் தேடினால் பத்து ஊர்கள் வருகின்றன, எல்லாவற்றிலும் சிரிக்கும் குழந்தையின் படம் இருக்கிறது.

இந்த ஆண்டு அதே குழப்பத்தோடு வந்தவர் என் நாத்தனார். ஒன்பது வயதுப் பையன், நான்கு வயதுப் பெண், கூடவே மீன் வாசனை பட்டாலே சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் என் மாமியார். ஒரே வாரம்தான் பயணம். அவருக்காக உட்கார்ந்து யோசித்ததை மற்றவர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில், செம்பே என்பது என்ன

சாதம் வடிக்கும் சாதாரண அரிசியை மாவாக்கி, ஆவியில் வேகவைத்து, பிசைந்து, மெல்லிதாகத் தேய்த்து, வட்டமாக வெட்டி, காயவைத்துப் பிறகு நெருப்பில் சுட்டால் செம்பே. அதையே ஒட்டும் பசையரிசியில் செய்தால் பெயர் மாறிவிடும்: பெரியது ஒகாகி, சிறியது அராரே. பார்வைக்குத் தட்டையைப் போல இருந்தாலும் செய்முறையில் செம்பேக்கு நெருங்கிய உறவு நம் கூழ் வடாம்தான். காய்ந்த வடாமுக்குள் மிச்சமிருக்கும் ஈரம் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகி அதை உப்பவைக்கிறது. செம்பேயில் எண்ணெயின் வேலையைத் தணல் செய்கிறது.

காயவைக்க நாள் பிடிக்கும் என்பதால் எந்தப் பட்டறையிலும் மாவு பிசைவதிலிருந்து தொடங்க மாட்டார்கள். காய்ந்த வட்டுகளைக் கையில் கொடுத்துச் சுடச் சொல்வார்கள். இது ஏமாற்று வேலை இல்லை. சுடுவதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி.

எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். இடம் உங்கள் பயணப் பாதையில் இருக்கிறதா என்பது முதலாவது. பட்டறைக் கட்டணம் பெரும்பாலும் சிறிய தொகைதான், பணத்தையும் நாளையும் விழுங்குவது ரயில். இரண்டாவது, கடைசிக் குழந்தையின் வயது. தணலுக்கு முன்னால் நான்கு வயதும் ஒன்பது வயதும் ஒன்றல்ல. மூன்றாவது, என்ன சாப்பிடலாம் என்பது. அரிசிப் பண்டம்தானே என்று நினைத்துவிட வேண்டாம், மேலே பூசும் சோயா சாஸில் கோதுமை இருக்கிறது, சில சுவைகளில் மீன் இருக்கிறது.

நான்காவது, குழந்தையின் கைக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது என்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளை ஒரு சுற்றுலாத் தெருக் கடைக்கு அழைத்துப் போனேன். 'அனுபவம்' என்று பலகை வைத்திருந்தார்கள். உள்ளே போனால், ஏற்கெனவே சுட்டு வைத்த செம்பேயில் தூரிகையால் சாஸ் தடவச் சொல்லி மூன்று நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். 'அவ்வளவுதானா அம்மா?' என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து முன்பதிவு செய்யும்போதே 'தெயாகி தைக்கென்' தானா என்று கேட்டுவிடுகிறேன். கையால் சுட்டுப் பார்க்கும் அனுபவம் என்பது அதன் பொருள்.

சோகா: கரியடுப்பும் அழுத்துகட்டையும்

டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாகாணத்தில் இருக்கிறது சோகா. எதோவிலிருந்து (டோக்கியோவின் பழைய பெயர்) நிக்கோவுக்குப் போன பழைய நெடுஞ்சாலையில் முதல் தங்கல் ஊர் செஞ்சு, அதற்கு அடுத்த இரண்டாவது ஊர் இது. அங்கே தேநீர்க் கடை வைத்திருந்த ஓசென் என்ற பெண் விற்காமல் மிஞ்சிய அரிசி உருண்டைகளை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தாளாம். அவ்வழியே வந்த சாமுராய் ஒருவர், 'தட்டையாக்கிக் காயவைத்துச் சுட்டுப் பார்' என்றாராம். கதைதான். ஆனாலும் ஊர் அதை விடவில்லை, ரயில் நிலையத்துக்கு முன்னால் ஓசெனுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். மிஞ்சியதை வீணாக்காத பெண்ணின் கதை எந்த வீட்டுப் பாட்டிக்கும் பிடிக்கும்.

சோகா முறையில் சுடுவதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையால் வட்டை ஓயாமல் புரட்ட வேண்டும். சூடேறியதும் அது அங்கங்கே குமிழிட்டு வளையத் தொடங்கும், அந்த நொடியில் மறு கையில் இருக்கும் 'ஒஷிகவரா' என்ற சுட்டமண் அழுத்துகட்டையால் அமுக்க வேண்டும். முந்தினால் உள்ளே வேகாது. தாமதித்தால் கோணலாக உப்பிக் கருகிவிடும். என் மகள் ஏழு வயதில் முதல் வட்டைக் கருக்கினாள், இரண்டாவதைக் கோணலாக்கினாள். மூன்றாவது வட்டு தட்டையாக, பொன்னிறமாக வந்தது. சுட்ட சூட்டோடு சோயா சாஸைத் தடவியபோது 'சுர்' என்று எழுந்த வாசனைக்கு, அதுவரை ஒதுங்கி உட்கார்ந்திருந்த என் கணவரும் எழுந்து வந்துவிட்டார். அரை மணி நேரத்தில் ஒரு குழந்தை தோற்று, திருத்தி, வென்றுவிடுகிறது. இதை வேறு எந்த இடத்திலும் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

போவதும் எளிது. அசாகுசாவிலிருந்து புறப்படும் தோபு ஸ்கைட்ரீ பாதையில்தான் சோகா இருக்கிறது. உவெனோ, அக்கிஹபாரா பக்கம் தங்கியிருந்தால் ஹிபியா பாதை ரயில்கள் சில கித்தா செஞ்சுவைத் தாண்டி நேராகவே அங்கே போகின்றன. டிக்கெட் சில நூறு யென். இது ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வே குழுமத்தின் ரயில் அல்ல என்பதைக் கவனியுங்கள். சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ஜே.ஆர். பாஸ் இங்கே செல்லாது, சுய்கா என்ற கட்டண அட்டையைத் தட்டிவிட்டுப் போகலாம்.

வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. சில பட்டறைகள் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இல்லை, குழந்தைகளோடு டாக்சி பிடிக்க நேரும். வழிமுறையைப் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் சொல்வார்கள். கையைப் பார்த்துக் கற்கும் வேலை என்பதால் குழந்தைகளுக்கு இது தடையாக இருப்பதில்லை, பெரியவர்களுக்குத்தான் பதற்றம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தணலுக்கு முன் உட்காருவது பெரும்பாடு. டோக்கியோவின் ஆகஸ்ட் புழுக்கம் சென்னைக்குச் சற்றும் குறைந்ததல்ல. உடையில் புகை வாசனை ஏறும், அன்றிரவு நல்ல உணவகத்துக்குப் போக நினைத்தால் மாற்று உடை வேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழான குழந்தையைத் தணலுக்கு முன் உட்காரவைக்க எனக்கு மனம் வராது. பெரியவர் மடியில் உட்கார்ந்து சாஸ் தடவலாம், அவ்வளவுதான். ஆறு வயதைத் தாண்டிவிட்டால் சோகாவுக்கு இணை இல்லை.

சுட்டு முடித்த பிறகு அவசரமாகத் திரும்பிவிட வேண்டாம். அயாசே ஆற்றங்கரையில் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பைன் மரச் சாலை ஒன்று இருக்கிறது. கவிஞர் பாஷோ 1689-இல் வடக்கு நோக்கி நடந்தபோது இந்த ஊர் வழியாகத்தான் போனார். 2014-இல் இந்தச் சாலையை நாட்டின் இயற்கையழகுச் சின்னமாக அறிவித்தார்கள். பிள்ளைகள் தாங்கள் சுட்டதைக் கடித்துக்கொண்டே ஓடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நீகாத்தா: தட்டளவு செம்பே

ஜப்பானில் அரிசிப் பண்டங்களின் தலைநகரம் நீகாத்தா மாகாணம். நாட்டின் பெரிய செம்பே நிறுவனங்கள் பல இங்கேதான் இருக்கின்றன. 'பாக்காவுகே' என்ற செம்பேயைச் செய்யும் குரியாமா பெய்க்கா நிறுவனம் நீகாத்தா நகரத்தில் 'செம்பே ராஜ்ஜியம்' என்ற பெயரில் ஓர் இடத்தை நடத்துகிறது. அங்கே குழந்தைகளை ஈர்ப்பது சுமார் 25 செ.மீ. விட்டமுள்ள மாபெரும் செம்பே. அதைச் சுட்டு, சோயா சாஸில் தூரிகையைத் தோய்த்துப் படம் வரையலாம், பெயர் எழுதலாம். தன் பெயரைத் தமிழில் எழுதிய செம்பேயோடு நிற்கும் குழந்தையின் படம் வீட்டில் பல ஆண்டு இருக்கும்.

பட்டறையாகப் பார்த்தால் சிறு குழந்தைகளுக்கு இது சோகாவைவிட இணக்கமானது. குடும்பங்களை மனத்தில் வைத்தே அமைத்த இடம், படம் வரையும் வேலையில் நான்கு வயதுக் குழந்தையும் முழுப் பங்கு எடுக்கலாம். ஆனால் பயணக் கணக்கைப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து ஜோயெத்சு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நீகாத்தா சுமார் இரண்டு மணி நேரம், பெரியவருக்கு ஒருவழி 10,000 யென்னுக்கு மேல். ஆறு முதல் பதினொரு வயது வரை பாதிக் கட்டணம். ஆறு வயதுக்குக் கீழ் தனி இருக்கை எடுக்காவிட்டால் இலவசம். என் நாத்தனார் குடும்பத்துக்கு மூன்று பெரியவர், ஒரு பாதி டிக்கெட் என்று போட்டால், போய்வர மட்டும் 70,000 யென்னைத் தாண்டும். அதற்குமேல் நீகாத்தா நிலையத்திலிருந்து பட்டறைக்கு உள்ளூர் ரயிலோ டாக்சியோ வேறு. ஜே.ஆர். பாஸ் இருந்தால் பரவாயில்லையே என்பார்கள். ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது, வாங்கினால் இயல்பாகவே லாபம் என்ற காலம் போய்விட்டது.

ஆகவே செம்பேக்காக மட்டும் நீகாத்தா போகாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். வேறு காரணத்துக்காக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. பனி பார்க்க யுசாவா வரை போகும் குடும்பங்கள் பல, அது இதே ஷின்கான்சென் பாதைதான். அங்கிருந்து நீகாத்தா ஒரு மணி நேரம்கூட இல்லை. 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சாதோ தீவுத் தங்கச் சுரங்கத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் கப்பல் பெரும்பாலும் நீகாத்தா துறைமுகத்திலிருந்துதான். அவர்கள் இந்த ராஜ்ஜியத்தை விட்டுவிட்டு வந்தால் நான் வருத்தப்படுவேன்.

பெரிய செம்பே உடையும் என்பதை மறக்காதீர்கள். ஊருக்குக் கொண்டுவரும் ஆசையோடு பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தவர்களிடம் கடைசியில் மிஞ்சியது தூள்தான். படம் எடுத்துக்கொண்டு அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

கியோத்தோ: நெருப்பில்லாத யாத்சுஹாஷி

இதை இந்தப் பட்டியலில் சேர்ப்பது சரியா என்று கொஞ்சம் தயங்கினேன். மேற்கு ஜப்பானில் செம்பே என்றாலே கோதுமை மாவில் செய்த இனிப்பு வில்லையாகவும் இருக்கலாம், கிழக்கே சொல்லும் செம்பே அங்கே அவ்வளவு பரவலில்லை. கியோத்தோவின் அரிசிமாவுப் பண்டம் யாத்சுஹாஷி. அரிசி மாவு, சர்க்கரை, இலவங்கப்பட்டை, அவ்வளவே. சுட்டெடுத்த பழைய வகை, கோத்தோ என்ற நரம்பிசைக் கருவியைப் போல வளைந்து மொறுமொறுப்பாக இருக்கும். 1685-இல் இறந்த கோத்தோ இசைமேதை யாத்சுஹாஷி கெங்யோவின் பெயரே இதற்கு வந்தது என்பார்கள். பட்டறைகளில் பெரும்பாலும் சொல்லித் தருவது சுடாத 'நாமா' வகை. மாவை வேகவைத்து, சூட்டோடு பிசைந்து, தேய்த்து, சதுரமாக வெட்டி, இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்து முக்கோணமாக மடிப்பது. கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்யத் தெரிந்த கைக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

இதன் பலம் மூன்று. தணல் இல்லை, அதனால் மூன்று, நான்கு வயதுக் குழந்தையும் எல்லோரோடும் ஒரே மேசையில் வேலை செய்யலாம். சோயா சாஸ் இல்லை, மீன் சாறு இல்லை, சைவம் சாப்பிடுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம். மேலே தூவும் கினாக்கோ சோயா மாவு என்பதால் சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கியோத்தோ ஏற்கெனவே எல்லோர் பயணத்திலும் இருக்கிறது, தனியாக ரயில் செலவு இல்லை.

குறையும் உண்டு. பண்டம் மென்மையானது, குழந்தைகள் எதிர்பார்க்கும் அந்த 'மொறுக்' கிடைக்காது. சில நாளுக்கு மேல் தாங்காது, ஊருக்குக் கொண்டுபோக முடியாது. மே, ஜூன் மாதங்களிலும் இலையுதிர் காலத்திலும் பள்ளிச் சுற்றுலா மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைப்பது அரிது.

கியோத்தோவிலிருந்து நாரா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தெருவில் விற்கும் 'ஷிக்கா செம்பே' மான்களுக்கானது. அரிசித் தவிட்டில் செய்தது. குழந்தைகள் ஆசைப்பட்டுக் கடித்துவிடப் போகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தங்கும் அறையிலேயே

சமையலறை உள்ள வீட்டில் தங்குகிறவர்களுக்குக் கட்டணமில்லாத வழி ஒன்று இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் கிரிமோச்சி என்ற பசையரிசிக் கட்டிகள் கிடைக்கும். மெல்லிய சீவலாக வெட்டி, தட்டில் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவிட்டு, டோஸ்டரில் வைத்தால் உப்பி ஒகாகி ஆகிவிடும், உப்புத் தூவிச் சாப்பிடலாம். மழை நாளில் நல்ல பொழுதுபோக்கு. காயாத மோச்சியைச் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பட்டறைக்கு இது மாற்றாகாது.

ஒரே பார்வையில்

| | சோகா | நீகாத்தா | கியோத்தோ |
|---|---|---|---|
| செய்வது | தணலில் செம்பே சுடுதல் | பெரிய செம்பே சுட்டுப் படம் வரைதல் | யாத்சுஹாஷி பிசைந்து மடித்தல் |
| எந்த வயதுக்கு | 6-க்கு மேல் | 4-க்கு மேல் | 3-க்கு மேல் |
| கூடுதல் பயணம் | டோக்கியோவிலிருந்து அரை நாள் | டோக்கியோவிலிருந்து முழு நாள் | இல்லை |
| சைவம் | சாஸைக் கேட்க வேண்டும் | சாஸைக் கேட்க வேண்டும் | பெரும்பாலும் கவலையில்லை |
| கோதுமை ஒவ்வாமை | சாதாரண சாஸ் ஆகாது | சாதாரண சாஸ் ஆகாது | பொதுவாக ஏற்றது |
| எப்போது வேண்டாம் | ஆகஸ்ட் | வேறு காரணமின்றி | பள்ளிச் சுற்றுலாக் காலத்தில், முன்பதிவின்றி |

சாஸைப் பற்றிச் சில வரிகள்

சைவக் குடும்பங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. வெறும் சோயா சாஸ், அதாவது ஷோயு, சைவம்தான். ஆனால் பல கடைகள் அதில் மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சர்க்கரை, சூரை மீன் சாறு கலந்து சொந்தச் சுவை வைத்திருக்கும். உறைகளில் ஒவ்வாமைப் பொருள்களை அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். இறால், நண்டு, கோதுமை, பால், முட்டை போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. சூரை மீன் அதில் இல்லை. ஆகவே ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு 'மீன் இல்லை' என்று நம்பிவிடாதீர்கள், மேலே உள்ள சேர்மானப் பட்டியலையும் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பாருங்கள். பட்டறையில் கேட்க வேண்டிய சொற்கள் மூன்று: கட்சுவோ என்றால் சூரை, எபி என்றால் இறால், கொமுகி என்றால் கோதுமை. பதில் தெளிவாக இல்லையென்றால் 'ஷியோ' என்று உப்பு மட்டும் கேளுங்கள். வெறும் உப்பிட்ட சூடான செம்பேயின் சுவையில் எந்தக் குறையும் இல்லை.

நாத்தனாருக்குச் சொன்னது

அவருக்கு ஓர் இடம் போதாது என்பதுதான் நான் கண்ட முடிவு. ஒன்பது வயதுப் பையனுக்குத் தணல் வேண்டும், நான்கு வயதுப் பெண்ணுக்குத் தணல் ஆகாது. எல்லோரையும் ஒரே பட்டறையில் அடைத்தால் ஒருவன் சலிப்பான், ஒருத்தி அழுவாள். பயணத்தின் முதல் பாதி டோக்கியோ என்பதால் வியாழக்கிழமை காலை சோகா. பையனும் அவன் அப்பாவும் சுடட்டும், அந்த நேரத்தில் நாத்தனார் சின்னவளை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பைன் சாலைக்குப் போகட்டும். சனிக்கிழமை கியோத்தோவில் எல்லோரும் சேர்ந்து யாத்சுஹாஷி. நீகாத்தாவை இந்தப் பயணத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் சோகாவுக்குத்தான் வருவேன் என்கிறார். நாற்பது ஆண்டு மொட்டை மாடியில் வடாம் பிழிந்து, காக்கைக்குக் காவல் இருந்து காயவைத்தவர். ஜப்பானியர்கள் அந்த மொறுமொறுப்பைப் 'பரிபரி' என்று நம் இரட்டைக்கிளவியைப் போலவே சொல்வார்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, காய்ந்த வட்டுகளை விலைக்குக் கொடுப்பார்களா, ஊருக்கு எடுத்துப்போய்க் கரியடுப்பில் சுடலாமா என்று கேட்டார். முன்பதிவுக்கு அழைக்கும்போது அதையும் விசாரிக்க வேண்டும். காற்றுப் புகாத தகர டப்பா ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், ஜூன் மழையில் செம்பே ஒரே இரவில் நமத்துப்போகும்.